கமராவில இருந்து பட இயக்கத்துக்கு: பாலு மகேந்திரா போன பாதை

ஒளிநிழல்:

வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணம், திருநெல்வேலி. எட்டு வருசமாக் கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா எண்டு வீடியோ எடுக்கிறன். போன வருசம் சொந்தக் காசில 18 நிமிசத்துக்கு ஒரு குறும்படம் எடுத்தனான். திரையிட்ட அண்டு வந்த ஆக்கள் ஆளாளுக்கு ஒரே கதைதான். "ஷொட்டுகள் நல்ல வடிவு தம்பி, கதைதான் மனசில நிக்கேல்லை." அதில ஒரு பெரியவர் தோளில தட்டி, "நீர் கமராக்காரன், இயக்கம் எண்டுறது வேற வேலை" எண்டார். அவர் நல்ல மனசோடதான் சொன்னவர். ஆனா அந்த வசனம் இண்டைக்கும் எனக்குள்ள கிடந்து குத்துது.

அதுக்குப் பிறகுதான் பாலு மகேந்திராவின்ர படங்களை ஆண்டு வரிசையாப் பாக்கத் தொடங்கினன். 1974இல ராமு காரியாட்டின்ர மலையாளப் படம் நெல்லு. அதில அவர் ஒளிப்பதிவாளர், கேரள அரசின்ர விருதும் கிடைச்சது. 1977இல கன்னடத்தில கோகிலா, அது அவர் இயக்கின முதல் படம். அந்தப் படத்துக்கும் தேசிய விருது ஒளிப்பதிவுக்குத்தான் வந்தது. 1979இல தமிழில அழியாத கோலங்கள், 1980இல மூடுபனி, 1982இல மூன்றாம் பிறை.

இதைப் பாத்துக்கொண்டு போகேக்க எனக்கு ஒண்டு பட்டது. இவர் கமராவை விட்டிட்டு இயக்கத்துக்கு வந்தவர் இல்லை. கடைசிப் படம் வரைக்கும் கமராவைத் தன்ர கையில வைச்சிருந்தவர். அப்ப "கமராக்காரன் வேற, இயக்குநர் வேற" எண்டுறது சரியோ? படம் பாத்து அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

மனோகராவடி:

தம்பி, நல்ல இழை துவங்கியிருக்கிறீர். எனக்கு இப்ப அறுபத்தைஞ்சு வயசு. மூன்றாம் பிறையை யாழ்ப்பாணத்தில பெரிய திரையில பாத்தனான். படம் முடிஞ்சு லைற் போட்டாப் பிறகும் சனம் எழும்பேல்லை. மழை, சேறு, வெளிக்கிடுற ரயில், ஒருத்தன் குரங்காட்டம் ஆடிக்காட்டிக்கொண்டு விழுந்து எழும்பி ஓடுறான். அந்த இடத்தில வசனம் எழுதி அழவைக்க எவராலும் ஏலும். இவர் மழையின்ர மங்கல் வெளிச்சத்தை அப்பிடியே விட்டு வைச்சார். முகத்தில ஒரு லைற்றும் அடிச்ச மாதிரித் தெரியாது.

அவர் ஏன் கமராவுக்குப் போனவர் எண்டதும் தெரிஞ்சிருக்க வேணும். மட்டக்களப்பு அமிர்தகழியில 1939இல பிறந்தவர். பள்ளிக்கூடப் பெடியனா இருக்கேக்க சுற்றுலா போன இடத்தில, கித்துள்கலவில ஒரு இங்கிலீசுப் படத்தின்ர படப்பிடிப்பைக் கண்டவர். குவாய் ஆற்றுப் பாலம் பற்றின படம், இயக்குநர் டேவிட் லீன். அந்த மனுசன் "மழை" எண்டு சத்தம் போட, உடன மழை கொட்டினதாம். நானும் ஒருநாள் மழையைக் கூப்பிடுவன் எண்டு அண்டைக்கு மனசில விழுந்ததாப் பேட்டிகளில திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

யோசிச்சுப் பாரும். மழையைக் கூப்பிடுறது இயக்குநரின்ர வேலை. அந்த மழையைப் பிலிமில விழுத்துறது கமராக்காரன்ர வேலை. பெடியன் ரெண்டையும் ஒரே நேரத்தில கண்டிருக்கிறான்.

பனியோலை:

நான் பல்கலைக்கழகத்தில படிக்கிறன், சினிமாவில பைத்தியம். பாலு மகேந்திரா மேல எனக்கும் மரியாதை இருக்கு. ஆனா ஒளிநிழல் அண்ணை கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் வேணுமெண்டா மற்றப் பக்கத்தையும் பாக்கவேணும்.

"மறுபடியும்" எண்ட படம் மகேஷ் பட்டின்ர ஹிந்திப் படத்தின்ர மறு ஆக்கம். ஓளங்கள் எரிக் சீகலின்ர நாவலில இருந்து வந்தது. ரெட்டை வால் குருவிக்கு ஒரு அமெரிக்க நகைச்சுவைப் படம், ஜூலி கணபதிக்கு ஸ்டீபன் கிங்கின்ர நாவல். கதை அவரிட்ட இருந்து ஊறினது எத்தினை? கண் பெரிய கண்தான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா கமராவில இருந்து வாற ஆக்களுக்குக் கதை வெளியில இருந்துதான் வரவேணுமோ எண்டு எனக்குச் சந்தேகம் இருக்கு. அண்ணையின்ர படத்துக்குச் சனம் சொன்னதும் அதுதானே. மனம் நோகச் சொல்லேல்லை.

ஒளிநிழல்:

நோகேல்லைத் தம்பி. அந்தப் பயம்தான் எனக்கும்.

மனோகராவடி:

பனியோலை சொல்லுறதில உண்மை இருக்கு. ஆனா ஒரு படத்தின்ர கதைச் சுருக்கம் எங்கையிருந்து வந்தாலும், அதில மனுசர் எப்பிடி நிக்கினம், எப்பிடி மௌனமா இருக்கினம் எண்டது ஆரிட்ட இருந்து வருது?

இன்னொண்டு. இவர் இயக்குநரானாப் பிறகும் மற்றவைக்குக் கமரா பிடிச்சவர். 1978இல மகேந்திரன்ர முதல் படம் முள்ளும் மலரும், கமரா இவர். கே. விஸ்வநாத்தின்ர சங்கராபரணம், கமரா இவர். 1983இல மணிரத்னத்தின்ர முதல் படம், கன்னடத்தில பல்லவி அனுபல்லவி, அதுக்கும் இவர்தான். அதுக்குள்ள தன்ர படத்துக்குத் தேசிய விருது எடுத்த மனுசன், முதல் படம் செய்யிற ஒரு பெடியனுக்குப் பக்கத்தில நிண்டு ஷொட் வைச்சுக் குடுத்திருக்கிறார். இயக்குநர் நாற்காலி கிடைச்சவுடன கமராவைத் தொடுறது மரியாதைக்குறைவு எண்டு நினைக்கிற ஆக்களை நான் இஞ்சயே கண்டிருக்கிறன்.

முள்ளும் மலரும் படத்தைத் திரும்ப ஒருக்காப் பாரும் தம்பி. மலையும் பனியும் வடிவுக்காக வைச்ச ஷொட் எண்டு ஒண்டையும் உம்மால பிரிச்சு எடுக்கேலாது. அந்த இடத்தின்ர குளிர் கதாநாயகன் காளியின்ர கோவத்துக்குப் பக்கத்திலயே நிக்கும்.

கிழக்குவாசல்:

நான் மட்டக்களப்பு. பத்து வருடமாக யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிறேன். பனியோலைத் தம்பியின் கேள்விக்கு என் பதில் ஒரே ஒரு படம்: 1988இல் வந்த வீடு.

அந்தக் கதை எந்த நாவலிலும் இருந்து வந்ததில்லை. அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவர்கள் வீடு கட்டினார்கள். அதுவரைக்கும் சிரித்த முகமாக இருந்த அம்மா, வீடு கட்டத் தொடங்கியதும் சிடுசிடுப்பானவராக மாறிவிட்டார் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த மாற்றத்தைப் பார்த்த பிள்ளையின் மனதில் விழுந்த விதைதான் கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்துச் சென்னையில் நடக்கும் கதையாக முளைத்தது. சுதா என்று ஒரு சாதாரண உத்தியோகப் பெண், அவளுடைய தங்கை, வயதான தாத்தா, ஒரு துண்டுக் காணி, கடன், ஏமாற்றும் கொந்தராத்துக்காரர். படம் அவ்வளவுதான். பாட்டு ஒன்றுகூட இல்லை. இளையராஜா தன் இசைத்தொகுப்பு ஒன்றுக்கு முன்பே செய்திருந்த இசைதான் பின்னணி. தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது, அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருது.

எங்கள் ஊர் ஆட்கள் சிலர், "பாலு மகேந்திரா ஈழத்தைப் பற்றி ஒரு படமும் எடுக்கவில்லையே" என்று குறைப்படுவார்கள். எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. இலங்கையைக் களமாக வைத்து அவர் ஒரு முழுநீளப் படம் தந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காத நாளில்லை. ஆனால் வீடு படத்தைப் பார்க்கும்போது அது எங்கள் வாவிக்கரை மண்ணில் ஒரு தாய் பட்ட பாடு என்றுதான் எனக்குத் தெரியும்.

கிடுகுவேலி:

இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். கிழக்குவாசல் ஐயா எழுதினதைப் பாத்தாப் பிறகு எழுதாமல் இருக்கேலாமப் போச்சு.

நாங்கள் தெல்லிப்பழைப் பக்கம். இடம்பெயர்ந்து இருபது வருசத்துக்கு மேல வாடகை வீடுகளிலயும் சொந்தக்காரர் வளவுகளிலயும் இருந்திட்டுத் திரும்பி வரேக்க, எங்கட காணியில கிணறும் ஒரு படிக்கட்டும்தான் மிச்சம். படிக்கட்டு ஒரு வீட்டுக்கும் போகாமல் தனிய நிண்டது. பிறகு வீட்டுத்திட்டத்தில பேர் வந்தது. ஐஞ்சரை லட்சம் ரூபா, தவணை தவணையாத்தான் வரும். அத்திவாரம் போட்டுக் காட்டினால்தான் அடுத்த காசு.

அம்மா அந்த வருசம் வேற மனுசியா இருந்தவ. மேசனாரோட சண்டை, மணல் லொறிக்காரரோட சண்டை, எங்களோட கதையில்லை. சீமெந்துப் பை வந்து இறங்கேக்க ஒவ்வொண்டுக்கும் வேப்பமரத்தில கரிக்கட்டியால ஒரு கோடு இழுப்பா. பின்னேரம் வெறும் பைகளை உதறி, மடிச்சு அடுக்கி, கோட்டோட சரிபாப்பா. ஒருநாள் ரெண்டு பை குறைஞ்சது. அண்டைக்கு ராத்திரி அம்மா சாப்பிடேல்லை. பைகளை ரோச் லைற் அடிச்சு மூண்டுதரம் எண்ணினவ. நான் அண்டைக்கு அவவில கோவிச்சனான். ரெண்டு பைக்கு இப்பிடியோ எண்டு.

பிறகு கன நாள் கழிச்சு ரெலிபோனில வீடு படம் பாத்தன். சீமெந்து களவு போற இடம் வரேக்க நிப்பாட்டிப்போட்டு வெளியில போய் வேப்பமரத்தைப் பாத்தன். கோடுகள் மங்கலா இன்னும் கிடந்தது. பிறகு வந்து மிச்சத்தைப் பாத்தன். அந்தத் தாத்தா, சொக்கலிங்க பாகவதர், குடையோட தனிய வந்து பாதி கட்டின வீட்டைச் சுத்திச் சுத்திப் பாத்து, பூசாத சுவரைத் தடவுவாரெல்லோ. அந்த இடத்தில ஒரு வசனமும் இல்லை. சுவரில வெயில் விழுற மாதிரியும் அவற்ற கை அந்த வெயிலுக்குள்ள போற மாதிரியும்தான். எனக்கு அம்மாவை விளங்கினது அந்த இடத்திலதான்.

பனியோலைத் தம்பி, கதை எங்கையிருந்து வந்தது எண்டு கேட்டீர். எனக்கு அது எங்கட வளவில இருந்து வந்த மாதிரி இருந்தது.

பனியோலை:

அக்கா, வாசிச்சு முடிச்சிட்டுக் கன நேரம் பேசாமல் இருந்தனான். வீடு படத்தை நான் துண்டு துண்டாத்தான் பாத்தது. முழுக்கப் பாக்காமல் எழுதினது பிழை. இண்டைக்கு ராத்திரி பாப்பன்.

மனோகராவடி:

பிள்ளை, அம்மாவைக் கேட்டதாச் சொல்லும்.

கிழக்குவாசல் சொன்ன ஆதங்கத்துக்கு ஒரு பக்கக் கதை. கமராவில இருந்து வந்த இயக்குநர்மாரில எங்கட பக்கத்தைத் தொட்டவை இல்லாமல் இல்லை. டி. பி. நிஹால்சிங்க எண்டு சிங்களத்தில ஒருத்தர். 1967இல சத் சமுதுர படத்துக்குக் கமரா பிடிச்சவர். பிறகு 1971இல வெலிகதர எண்ட படத்தைத் தானே இயக்கித் தானே ஒளிப்பதிவும் செய்தார். இலங்கையின்ர முதல் சினிமாஸ்கோப் படம், வடபகுதிதான் களம். அகலத் திரையில மணல்வெளியைப் பாக்கேக்க மூச்சு அடைக்கும். சந்தோஷ் சிவன் 1998இல ஒரு பெண் போராளியைப் பற்றிப் படம் எடுத்தார். பிறகு 2014இல வந்த அவற்ற "இனம்" படம் தமிழ்நாட்டில எதிர்ப்பால தியேட்டர்களில இருந்து எடுக்கப்பட்டது. ரெண்டாவதில எனக்கு உடன்பாடு இல்லை. கண் எவ்வளவு கூர்மையா இருந்தாலும், பாக்கிற இடம் அந்நியமா இருந்தால் சனத்துக்குத் தெரிஞ்சுபோகும். வீடு படத்தில அந்த அந்நியம் இல்லை. அதுதான் வித்தியாசம்.

கிழக்குவாசல்:

ஒளிநிழல் தம்பிக்கு உதவக்கூடிய சில விடயங்கள்.

அவர் புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனது 1966இல். அதற்கு முன்னர் கொழும்பில் படவரைஞராக வேலை செய்தார், தேனருவி என்ற இலக்கிய இதழின் ஆசிரியராக இருந்தார், இலங்கை வானொலி நாடகங்களில் நடித்தார். அதாவது கமராவைத் தொடுவதற்கு முன்பே கோடு, எழுத்து, குரல் மூன்றும் அவர் கையில் இருந்தன. புனேயில் 1969இல் ஒளிப்பதிவில் தங்கப்பதக்கம் பெற்று வெளியே வந்தார். ஒரு கோட்டையிலிருந்து பார்ப்பதாக அவர் எடுத்த மாணவர் குறும்படத்தைப் பார்த்துத்தான் ராமு காரியாட் நெல்லுக்கு அழைத்தார்.

ஒளிப்பதிவாளர் என்ற முத்திரையை மட்டும் வைத்து அவரைப் பார்த்தால் இந்த முன்கதை விடுபட்டுப்போகும். பிற்காலத்தில் சன் தொலைக்காட்சிக்குக் கதை நேரம் என்று தமிழ்ச் சிறுகதைகளைக் குறும்படங்களாக எடுத்தார். வெற்றிமாறன் உதவியாளராகச் சேர்ந்தபோது அவரைச் சிறுகதைகளை வாசித்துச் சுருக்கி எழுத வைத்தார். 2007இல் சினிமாப் பட்டறை தொடங்கியபோதும் இலக்கிய வாசிப்புத்தான் முதற்பாடம். பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி என்று அவரிடமிருந்து வந்தவர்களைப் பாருங்கள். பெரிய ஒளிப்பதிவாளரிடம் பழகி வெளியே வந்தவர்கள் பெரும்பாலும் இயக்குநர்கள். நா. முத்துக்குமார் பாட்டு எழுதப் போனார்.

தம்பி, நீங்கள் கடைசியாக வாசித்த சிறுகதை எது?

ஒளிநிழல்:

ஐயா, உண்மையைச் சொல்லுறன். ஓ.எல். படிக்கேக்க பாடப்புத்தகத்தில வாசிச்சதுதான்.

கிழக்குவாசல்:

பரவாயில்லை தம்பி. பொதுசன நூலகம் பக்கத்தில்தானே. வாரம் ஒன்று எடுங்கள். வாசித்து முடித்ததும் அரைப்பக்கத்தில் எழுதுங்கள், அதில் ஒரு ஷொட்டைப் பற்றியும் எழுத வேண்டாம்.

பனியோலை:

வீடு பாத்து முடிச்சன். விடியப்பறம் மூண்டு மணி. என்ன எழுதுறதெண்டு தெரியேல்லை. முந்தி எழுதினதை ஒரு பங்கு திருத்துறன். மற்ற ஆக்களின்ர கதையை எடுத்த படங்கள் இருக்கு, அதில சிலது எனக்கு இண்டைக்கும் பிடிக்கேல்லை. "நீங்கள் கேட்டவை" எண்ட அவற்ற படம் மாதிரியானதுகள் அவருக்கே பெருமை தந்திராது எண்டு நினைக்கிறன். ஆனா வீடு, அடுத்த வருசம் வந்த சந்தியா ராகம், 2013இல அவர் தானே தாத்தாவா நடிச்ச தலைமுறைகள், இந்த மூண்டையும் சேத்துப் பாத்தால் இது வேற ஆள். மூண்டிலயும் ஒரு கிழவர் இருக்கிறார். மூண்டிலயும் வீட்டுக்குள்ள வாற வெளிச்சம்தான் அவரைக் காட்டுது.

வேற ஒரு கவலை. வீடு, சந்தியா ராகம் ரெண்டின்ர நெகட்டிவும் இப்ப இல்லையாம். கடைசிக் காலத்தில அவரே அதைச் சொல்லி வேதனைப்பட்டிருக்கிறார். நான் பாத்த பிரதியில முகங்கள் கரைஞ்சுபோய்க் கிடந்தது. ஒரு ஒளிப்பதிவாளரின்ர மிகப் பெரிய வேலையை நாங்கள் அவர் வைச்ச வெளிச்சத்தில பாக்கேலாது.

மனோகராவடி:

ஓம் தம்பி. அந்த வேதனை எங்களுக்குப் புதுசில்லை. 1983 ஆடிக் கலவரத்தில ஹெந்தளையில விஜயா ஸ்ரூடியோ எரிஞ்சது. எரிஞ்சதுக்குள்ள எத்தினை படச்சுருள். 1981இல யாழ்ப்பாண நூலகம். பிலிமும் கடதாசியும் ஒரே மாதிரித்தான் எரியும். உங்கட கலியாணவீட்டு வீடியோக்களையாவது ரெண்டு இடத்தில பிரதி எடுத்து வையும் ஒளிநிழல், நான் வலு கவனமாச் சொல்லுறன். அதுகளில இப்ப இல்லாத வீடுகளும் இப்ப இல்லாத ஆக்களும் இருக்கினம்.

ஒளிநிழல்:

ரெண்டு கிழமையா எழுதேல்லை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஒரு சின்ன வேலை செய்து பாத்தன், அதைச் சொல்லவேணும்.

எங்கட அம்மம்மாவின்ர குசினி பழைய ஓட்டு வீடு. கூரையில ஒரு கண்ணாடி ஓடு இருக்கு. போன வருசப் படத்தில அந்தக் குசினியிலதான் முக்கியமான காட்சி எடுத்தனான். ரெண்டு எல்.ஈ.டி. லைற் வைச்சு, ரெஜிபோம் பிடிச்சு, எல்லாத்தையும் வெளிச்சமாக்கி எடுத்தன். கண்ணாடி ஓட்டு வெளிச்சம் தொந்தரவு எண்டு அதுக்கு மேல சாக்குப் போட்டு மூடினனான். இப்ப நினைக்க உடம்பு கூசுது.

போன ஞாயிறு காலமை போய் ஒண்டும் கொண்டுபோகாமல் சும்மா குந்தி இருந்தன். எட்டரைக்கு அந்த வெளிச்சம் அடுப்புப் பக்கச் சுவரில ஒரு சதுரமா விழுந்தது. ஒன்பதரைக்கு அம்மியில. பத்துமணிக்கு மேல நிலத்துக்கு வந்து தண்ணிக்குடத்தைத் தொட்டது. அப்பதான் கவனிச்சன், அம்மம்மா அந்த வெளிச்சத்துக்குப் பின்னாலயே இடம் மாறி மாறி இருக்கிறா. அரிசி கிளையிறது சுவர்ப்பக்கம், வெங்காயம் உரிக்கிறது அம்மிப்பக்கம். கண் மங்கலெண்டு எங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

திங்கள் கண்ணுக்குக் காட்டக் கூட்டிக்கொண்டு போனன். ரெண்டு கண்ணிலயும் கற்றாக்ட், ஒப்பரேசனுக்குத் திகதி குடுத்திருக்கினம்.

பாலு மகேந்திரா லைற் குறைவா வைச்சார், சன்னல் வெளிச்சத்தில எடுத்தார் எண்டு வாசிக்கேக்க அதை ஒரு பாணி எண்டுதான் நினைச்சிருந்தன். அந்தக் காலத்து நெகட்டிவின்ர வெளிச்சம் பிடிக்கிற வேகம் 100 ஏ.எஸ்.ஏ. அளவில நிக்கேக்க அவர் அதைச் செய்தவர். என்ர கமராவில 6400 வரைக்கும் ஏத்தலாம், நான் சாக்குப் போட்டு மூடினன். இருக்கிற வெளிச்சத்தைக் கூட்டாமல் பாத்துக்கொண்டிருந்தால் ஆள் எங்க இருக்கிறா, ஏன் அங்க இருக்கிறா எண்டு தெரியவருது. அதுக்குப் பிறகு கதையை நான் தேடிப்போகத் தேவையில்லாமல் இருந்தது.

எழுதத் தொடங்கியிருக்கிறன். ஆறு பக்கம் வந்திட்டுது. ஐயா சொன்ன மாதிரி ஷொட் ஒண்டும் எழுதேல்லை.

கிடுகுவேலி அக்கா, ஒரு கேள்வி, கேக்கிறது பிழையெண்டால் விட்டிடுங்கோ. அந்த வேப்பமரம் இன்னும் நிக்குதோ? கோடுகள் மழையில போகமுதல் ஒருக்கா வந்து எடுத்து வைக்கட்டோ? படத்துக்கில்லை. உங்களுக்கும் அம்மாவுக்கும் குடுக்கிறதுக்கு.

கிழக்குவாசல்:

அம்மம்மாவுக்கு ஒப்பரேசன் நல்லபடியாக முடிய வேண்டும் தம்பி. அந்த ஆறு பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள்.

கிடுகுவேலி:

நிக்குது தம்பி. அம்மாவிட்டக் கேட்டன். முதலில "உதையேன் எடுக்கிறியள்" எண்டா. பிறகு மரத்தடியில போய்க் கொஞ்ச நேரம் நிண்டிட்டு வந்து, காலமை வெயில் அந்தப் பக்கம் விழுறது ஏழரைக்குத்தானாம், அதுக்கு முதல் வந்து தேத்தண்ணி குடிக்கட்டாம் எண்டு சொன்னா.